குத்தாமல் விட்ட ஊசி

பேனா முள்ளுகள் போட்டுவைக்கும் சின்னத் தகரப் பெட்டி ஒன்று என் மேசையில் இருக்கிறது. முள்ளுகளுக்கு நடுவே ஒரு குண்டூசியும் அதில் கிடக்கிறது. தலையில் சிவப்பு அரக்கு தோய்த்த ஊசி. கடையில் வாங்கியதல்ல, என் கையால் செய்தது. நகரசபையின் சுகாதார இலாகாவில் நான் குமாஸ்தாவாக இருந்த நாளில், தபால் உறைகளுக்கு முத்திரை வைக்கும் அரக்கை ஸ்பிரிட் விளக்கில் உருக்கி, ஊசித் தலையை அதில் ஒரு முக்கு முக்கி எடுத்து, ஆறுவதற்காக வாழைத்தண்டுத் துண்டில் வரிசையாகச் செருகி வைப்பேன். மத்தியானத்துக்குள் தண்டு முழுக்கச் சிவந்துவிடும். சென்னையிலிருந்து வரவேண்டிய நிறத்தலை ஊசிகளுக்காகக் காத்திருக்க எங்கள் ஹெல்த் ஆபீசருக்குப் பொறுமை இல்லை. எனக்கு அந்த அளவுகூட இல்லை. அப்படிச் செய்த ஊசிகள் அத்தனையும் ஒரு வரைபடத்தில் ஏறின. இந்த ஒன்று மட்டும் ஏறவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் ஹெல்த் ஆபீசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்றுதான் இத்தனை வருஷமாகக் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். அது பொய் இல்லை. ஆனால் அதில் பாதிக் கதையை நான் சொன்னதே இல்லை.

அவர் மதுரைக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. பசுமலையில் பள்ளிப் படிப்பு, அப்புறம் இன்டர்மீடியட் தேறி, தறிக் குழியில் இறங்க மனமில்லாமல், கிடைத்த முதல் உத்தியோகத்தைப் பிடித்துக்கொண்டவன் நான். ஜனன மரண ரிஜிஸ்தரில் பேர் எழுதுவது என் வேலை. பிறந்தவர் ஒரு பக்கம், செத்தவர் ஒரு பக்கம். மூன்றே மாதத்தில் அலுத்துவிட்டது. அப்போதுதான் சோலார் தொப்பியும் சைக்கிளுமாக அவர் வந்து இறங்கினார். என்னைவிடப் பத்து வயதுகூட மூத்தவராக இருக்கமாட்டார். அவருக்கு முன்னால் இருந்த ஆபீசர் ஜட்கா வண்டியை விட்டு இறங்காமலே ஊரைப் பார்வையிட்டவர். இவரோ சாக்கடை மூடியைத் தானே நெம்பித் தூக்கி எட்டிப் பார்ப்பார். வந்த வாரத்திலேயே என் மேசைக்கு வந்து ரிஜிஸ்தரைப் புரட்டினார். "இதிலே செத்தவங்க எங்கே குடியிருந்தாங்கன்னு ஒரே பார்வையிலே பார்க்க முடியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. மறுநாள் காலையில் சர்வே ஆபீசில் கெஞ்சி வாங்கிய நகரப் படத்தைத் துணியில் ஒட்டி, மரப்பலகையில் ஆணியடித்து, அவர் அறைச் சுவரில் நான் மாட்டியிருந்தேன். பார்த்ததும் அவர் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துச் சிரித்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் என்ன சொன்னாலும் செய்திருப்பேன், செய்தேன்.

நடுவில் கோயில், அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வீதிகள், வடக்கே வைகை. தெருக்குழாய் இருக்கும் இடங்களில் கறுப்பு ஊசி, வாந்திபேதியில் உயிர் போன வீடுகளில் சிவப்பு ஊசி. கறுப்பு ஊசிகள் மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் நெருக்கியடித்து நின்றன. ஆற்றங்கரைப் பக்கம் போகப் போகக் குறைந்து, கரையோரச் சேரிக்கு வந்தபோது ஒன்றுகூட இல்லை. ஊரைக் கூட்டுகிறவர்களும் குப்பைவண்டி ஓட்டுகிறவர்களும் குடியிருந்த இடம் அது. நகரசபைக்கே வேலை செய்தவர்கள். அவர்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், ஊருக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த சிவப்பு ஊசி, குழாயே இல்லாத அந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. அங்கே ஆரோக்கியம்போல என்று நான் உளறினேன். அவர் படத்தின் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். "சாவு இல்லாத இடம்னு ஒண்ணு கிடையாது. சாவைச் சொல்லாத இடம்தான் உண்டு. போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார். அந்த வாக்கியத்தை அன்று என் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுவைத்தேன். பின்னால் அதுவே என்னைப் பார்த்து இளிக்கும் என்று எப்படித் தெரியும்?

சேரியில் எனக்குப் பதில் சொன்னவர் ஒரு அம்மாள். அவருடைய புருஷன் தெருக்கூட்டுகிறவர்களுக்கு மேஸ்திரியாக இருந்து செத்துப்போனவர். அதற்கப்புறம் பெண்களை வேலைக்குக் கூட்டி அனுப்புவதை இவரே பார்த்துக்கொண்டார். எல்லோருக்கும் மேஸ்திரி அக்கா. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைச் சாமி என்றார், அந்தக் காலத்து வழக்கப்படி எட்ட நின்றுகொண்டு. நான்கைந்து தடவை போன பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க எழுதிட்டுப் போயிருவீக சாமி. பொறகு வண்டி வரும். சுண்ணாம்பைக் கொட்டுவாக, பாயை எரிப்பாக, சட்டிபானையை உடைப்பாக. சீக்காக் கெடக்குறவளைத் தூக்கிட்டுப்போயி ஊருக்கு வெளிய கொட்டகையில போடுவாக. போனவுக திரும்பி வந்து நீங்க பாத்திருக்கீகளா?"

நான் பார்த்ததில்லை.

"அதான் அழுகாமத் தூக்கிட்டுப் போறோம். கொட்டு கிடையாது, ஒப்பாரி கிடையாது. பெத்த பிள்ளைய மண்ணுல வைக்கையிலகூட வாயில முந்தானையை அடைச்சுக்கிட்டுத்தான் வைக்கிறோம்."

எந்த ஏழையும் பறையடித்து, மாரடித்து அழாமல் தன் மனிதரை அனுப்பிவைக்காத ஊரில், அழுகையையே ஒளித்துவைக்கிற ஒரு குடியிருப்பு. ஆபீசரிடம் ஓடிவந்து சொன்னேன். அவர் கண் கலங்கியது. அதை நான் பார்த்தேன், அது நடிப்பில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். மறுநாளே என்னோடு சேரிக்கு வந்தார். இனிமேல் எரிப்பதும் உடைப்பதும் இல்லை, நோயாளியை அவர்கள் சம்மதமில்லாமல் தூக்கமாட்டோம் என்றார். அவர்கள் மணலில் தோண்டியிருந்த பெரிய ஊற்றில் கிருமியைக் கொல்லும் சிவப்பு மருந்தைக் கரைத்து, நீர் ரோஜா நிறமாகத் திரும்பியதும், மேஸ்திரி அக்காவின் வீட்டுச் சொம்பிலேயே மொண்டு முதல் ஆளாகக் குடித்தார். சேரியே கூடிநின்று பார்த்தது. பிறகு சொன்னார்: ஒவ்வொரு சாவையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், அது படத்தில் ஏறும், படத்தை நகரசபையில் வைப்பேன், அதைப் பார்த்த எவரும் குழாய் இல்லை என்று சொல்ல முடியாது.

அவர் சைக்கிளில் ஏறிப் போன பிறகு மேஸ்திரி அக்கா என்னிடம் வந்தார். "கொழாய் வாரது மெய்தானா?" என்றார். ஆபீசரே சொன்னாரே என்றேன். "அவரு பெரிய ஆளு. இன்னைக்கு இங்க, நாளைக்கு எங்கிட்டோ. நீங்க இந்த ஊருப் பிள்ளை. நீங்க சொல்லுங்க தம்பி." சாமி அந்த இடத்தில்தான் தம்பி ஆயிற்று. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வரும் அக்கா, நான் பொறுப்பு என்றேன். எதற்கு யார் பொறுப்பு என்றெல்லாம் யோசிக்கிற வயதா அது?

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பினார். கூட்டம் கலைந்த வாரமே வாந்திபேதி ஊருக்குள் புகுந்தது. சேரி தன் வாக்கைக் காப்பாற்றியது. கொட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வடகரைப் பாலத்தில் நான் போகும்போதே காற்றில் வரும், ரிஜிஸ்தரைத் தூக்கிக்கொண்டு அந்தச் சத்தத்தை நோக்கி நடப்பேன். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அழுதபடியே பேர், வயது, எந்த ஊற்றில் தண்ணீர் எடுத்தது எல்லாம் சொன்னார்கள். நான் எழுதினேன். ஆபீசுக்கு வந்து அரக்கை உருக்கினேன். படத்தில் அந்த வெள்ளை இடம் புள்ளி புள்ளியாகச் சிவந்து, கடைசியில் ஊசிக்கு இடமில்லாமல் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அதைப் பார்க்கையில் எனக்குள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. நிரூபித்துவிட்டோம் என்ற சந்தோஷம். பக்கத்து மேசை டைப்பிஸ்ட், என்னோடு பசுமலையில் படித்தவன், "மாப்ள, நீ ஊசி குத்தியே ஊரைக் காப்பாத்திருவ போலயே, சுண்ணாம்பு வண்டிக்காரன் பொழப்புப் போச்சு" என்று கிண்டல் பண்ணுவான். நானும் சிரிப்பேன்.

அதே வாரத்தில் எங்கள் வீட்டில் என் சித்தி இறந்தார். காலையில் தறிக்குப் பாவு நூல் போட்டுக்கொண்டிருந்தவருக்கு மத்தியானம் கண் குழிந்து, சாயங்காலம் கைவிரல்கள் சுருங்கிவிட்டன. என்ன நோய் என்று சொல்ல வைத்தியர் தேவையில்லை, நான் போதும். வந்த வைத்தியர் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானவர். யாரும் கேட்காமலே காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் தெருவில் அந்த வாரம் அப்படிப்பட்ட காய்ச்சல் இன்னும் நாலைந்து வீடுகளில் இருந்தது. வாந்திபேதி என்று வெளியே தெரிந்தால் வீட்டிலுள்ள நூலும் பாவும் நெய்த துணியும் தொடப்படாத சரக்காகிவிடும். தறியில் அப்போது ஒரு கல்யாணச் சேலை பாதியில் நின்றது. அப்பா என்னை உள்ளே கூப்பிட்டு, நாங்கள் வீட்டுக்குள் பேசும் மொழியில் சொன்னார். தமிழில் எழுதினால் இப்படி வரும்: "உன் படத்தில் ஒரு ஊசி குறைந்தால் யார் குடியும் கெட்டுப்போகாது. குறையாவிட்டால் நம் குடி கெடும்." லீவு கடிதத்தில் நானும் காய்ச்சல் என்றே எழுதினேன். காரியம் முடிந்து ஆபீசுக்குப் போன அன்று ஒரு ஊசியை மட்டும் தோய்த்து எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றேன். எங்கள் தெரு படத்தில் என் சுண்டுவிரல் நீளம். ஆபீசர் பின்னால் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். அவர் தலை நிமிரவில்லை என்றுதான் நினைத்தேன்.

நகரசபைக் கூட்டத்தன்று படத்தை நானே சுமந்துபோய் மாட்டினேன். குமாஸ்தாக்கள் உட்காரும் சுவரோர பெஞ்சில் நுனியில் உட்கார்ந்திருந்தேன். ஆபீசர் நன்றாகவே பேசினார். ஊற்று, தண்ணீர், நோய், மூன்றும் எப்படிச் சங்கிலியாகப் போகின்றன என்று ஒரு குழந்தைக்கும் விளங்கும்படி சொன்னார். அடுத்த வாக்கியம் குழாய் என்று நான் காத்திருந்தேன். அப்போது மரக்கடை வைத்திருந்த ஒரு கவுன்சிலர் எழுந்து படத்தருகே போய், கைத்தடியால் சேரியைத் தொட்டார். "ஊரு பூரா வெள்ளையா இருக்கு. இந்த ஒரு எடந்தான் ரத்தமா இருக்கு. அப்ப ஊருக்குச் சீக்கைக் குடுக்குறது இவுகதானே?" என்றார். நான் ஆபீசரைப் பார்த்தேன். சாவைச் சொல்லாத இடம்தான் உண்டு என்பதை இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்று பார்த்தேன். அவர் தன் காகிதக் கட்டிலிருந்து தட்டெழுத்தடித்த ஒரு தாளை எடுத்தார். கரையோரக் குடியிருப்பை அப்புறப்படுத்தி, ஊருக்கு வெளியே மாற்று இடம் தரவேண்டும் என்ற சிபாரிசு. வாசித்தபோது அவர் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. எல்லாக் கைகளும் தூக்கப்பட்டன. தாள் மேசையில் கிடந்தது. எங்கள் ஆபீஸ் டைப்ரைட்டரில் ஒரு எழுத்து எப்போதும் வரியைவிட்டு ஒரு நூல் எகிறி நிற்கும். அந்தத் தாளிலும் அது எகிறி நின்றது.

டைப்பிஸ்டைப் பிடித்துக் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பத்து நாளைக்கு முந்தியே அடிச்சுக் குடுத்துட்டேன் மாப்ள. நீ அம்புட்டு சந்தோசமாத் திரிஞ்ச. எந்த வாயால சொல்லச் சொல்லுற?" என்றான். பத்து நாள். அந்தப் பத்து நாளும் நான் சேரிக்குப் போய், பறைச் சத்தம் கேட்ட வீட்டிலெல்லாம் பேர் எழுதி வந்திருக்கிறேன். அத்தனை பேரும் அந்தத் தாளுக்கான சாட்சிகளாகப் போயிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே தல்லாகுளத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் நாற்காலி போட்டுக் காப்பி வரவழைத்தார். அது ஆறி ஆடை கட்டும் வரை நான் தொடவில்லை. கத்த வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் அவருடைய முகத்தில் ஒரு களைப்பு இருந்தது, அது என்னைக் கொஞ்சம் குழப்பிவிட்டது. ஊர் முழுக்க மூடு சாக்கடை போடும் திட்டம் நாலு வருஷமாகக் கிடப்பில் கிடக்கிறது, அதற்கு இந்த மனிதர்களின் ஓட்டு வேண்டும், சேரிக்குக் குழாய் என்று கேட்டிருந்தால் படத்தோடு சேர்த்துத் தன்னையும் வெளியே அனுப்பியிருப்பார்கள், ஒன்றை விட்டுத்தான் ஒன்றை வாங்க முடியும் என்று பொறுமையாகச் சொன்னார். விட்டது உங்கள் வீட்டையா என்று கேட்டேன். அப்படிக் கேட்டதில் எனக்கு அப்போது பெருமைகூட. வெள்ளைத் தெருக்கள் ஏன் வெள்ளை என்று நீங்கள் சொல்லியிருக்கலாமே, உங்களுக்குத் தெரியாதா என்று மேலும் கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியும். உங்களுக்கும் தெரியும். உங்க தெருவிலே எத்தனை ஊசி குத்தினீங்க?"

நான் காப்பியில் கட்டிய ஆடையைப் பார்த்தேன்.

"உங்க சித்தி காய்ச்சல்ல போனதா லீவ் லெட்டர் குடுத்தீங்க. நான் கையெழுத்துப் போட்டேன். ஊசியைப் பையிலே போட்டுக்கிட்டதையும் பார்த்தேன். நான் ஏதாவது கேட்டேனா?"

கேட்கவில்லை என்பதுதான் அவர் செய்ததிலேயே பெரிய துரோகம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் குத்தியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவர் என்னை ஒரு பங்காளியாக ஆக்கிவைத்திருந்தார், அவ்வளவுதான். எங்கள் தெருவின் நாலைந்து காய்ச்சல்கள், அடுத்த தெருவின் ஏழெட்டு, மாசி வீதி மாடிவீடுகளில் எத்தனையோ. அவை எல்லாம் ஏறியிருந்தால் கைத்தடியால் தொட்டுக் காட்ட ஒரு இடம் இருந்திருக்காது. எங்களை நம்பி உண்மை சொன்ன இடம் ஒன்றே ஒன்றுதான். அது மட்டும் சிவந்தது.

ஆடி பிறக்குமுன் குடிசைகளைப் பிரித்துவிட்டார்கள். போலீஸ் வந்தது, அடிதடி எதுவும் நடக்கவில்லை. குப்பைவண்டிகளிலேயே சட்டிபானைகளை ஏற்றினார்கள், ஓட்டியவர்களும் அவர்களே. நான் அன்றைக்கு வயிற்றுவலி என்று லீவு போட்டேன். நான் எழுதிய இரண்டாவது பொய் லீவு கடிதம் அது. ஒரு வருஷத்துக்குள் கரையோரத்தை மட்டப்படுத்தி வீட்டுமனைகள் போட்டார்கள். முதல் அஸ்திவாரம் தோண்டுமுன்னே குழாய் வந்துவிட்டது. நல்ல பித்தளைத் திருகு வைத்த குழாய். படத்தில் நான் அதற்கொரு கறுப்பு ஊசி குத்த வேண்டியிருந்தது. குத்தினேன். அது என் வேலை.

அடுத்த சித்திரையிலும் நோய் வந்தது. ஊருக்கு மேற்கே, உசிலம்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு வறண்ட கண்மாய்க்கரையில் அவர்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். வேலைக்கு ஊருக்குள் நடந்துவர ஒரு மணி நேரம், கண்மாயில் முட்டளவு கலங்கல். ரிஜிஸ்தரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். வழி நெடுக உற்றுக் கேட்டுக்கொண்டே போனேன். கொட்டுச் சத்தம் இல்லை. மேஸ்திரி அக்கா குடிசை வாசலில் ஓலை முடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என்னைக் கண்டால் எழுந்திருக்கிற வழக்கத்தை அவர் விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. இந்த வாரம் இங்கே யாராவது தவறிப்போனார்களா என்று கேட்டேன்.

"இங்க யாரும் சாகலை சாமி."

குரலில் கோபம் இல்லை. வசவு இல்லை. வைதிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு கொஞ்சம் லேசாகவும் போயிருக்கும். அவருக்குப் பின்னால் பனைகளுக்கு அடியில் மூன்று மண்மேடுகள் தெரிந்தன. நரி தோண்டாமலிருக்க மேலே வெட்டிப் போட்டிருந்த கருவேல முள் இன்னும் பச்சையாக இருந்தது. ஒரு மேடு மிகவும் சின்னது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். "தண்ணி குடுக்கலாம். இங்கத்துத் தண்ணி ஒங்களுக்குச் சேராது" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓலையை எடுத்துக்கொண்டார். ரிஜிஸ்தரில் அந்த வாரத்துக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். அடுத்த மாதம் உத்தியோகத்தை விட்டேன்.

இப்போது பசுமலையில் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். ஹெல்த் ஆபீசர் சென்னைக்குப் போய்ப் பெரிய பதவியில் இருக்கிறார். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே தண்ணீர், ஒரே மருந்து என்று அவர் ஏதோ மகாநாட்டில் பேசியதாகப் போன மாதம் பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். தலையில் சோலார் தொப்பி இல்லை, வழுக்கை விழுந்திருக்கிறது. அவர் மனப்பூர்வமாகத்தான் பேசியிருப்பார். அதுதான் அவரைப் பற்றி எனக்கு இன்னும் ஆறாத விஷயம். மூடு சாக்கடை வந்தது, எங்கள் தெரு வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

அந்தப் பத்திரிகையைப் பார்த்த வாரம் ஒரு பையனின் பிறந்த தேதிக்காக நகரசபை ஆபீசுக்குப் போகவேண்டி வந்தது. டைப்பிஸ்ட் இப்போது அங்கே ஹெட் கிளார்க். "வா மாப்ள, ஒன் பொக்கிசம் உள்ளதான் கெடக்கு" என்று ரிகார்டு அறையைத் திறந்துவிட்டான். பழைய கட்டுகளுக்குப் பின்னால் படம் சுருட்டிக் கிடந்தது. ஊசிகளை யாரோ பிடுங்கி உபயோகித்துவிட்டார்கள். ஜன்னல் பக்கம் விரித்துப் பிடித்தேன். ஆற்றங்கரை ஓரத்தில் துணி சல்லடையாக இருந்தது, வெளிச்சம் அதன் வழியே வந்தது. எங்கள் தெரு ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

அன்று பெட்டியிலிருந்து ஊசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு இருக்கும் இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்துக் குத்தினேன். பழைய அரக்கில் ஒரு சில்லு உடைந்து கீழே விழுந்தது. பிறகு ஊசியை உருவிக்கொண்டு, படத்தைச் சுருட்டி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அதை இனி யாரும் விரித்துப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அந்தத் தைரியம் வந்தது.